பனி தேசத்தில் ஆப்பிள் வளர்த்த ரெயில்வே குமாஸ்தா

ருஷியாவில், மாஸ்கோ நகருக்குத் தென்கிழக்கே சுமார் 400 கிலோமீட்டர் தொலைவில் ஓர் ஊர் இருக்கிறது. அதன் பெயர் மிச்சூரின்ஸ்க். 1932-ம் ஆண்டு வரை அந்த ஊருக்கு கோஸ்லோவ் என்று பெயர். ஒரு தோட்டக்காரரின் பெயரை ஊருக்கே வைத்துவிட்டார்கள். அதுவும் அவர் உயிரோடு இருக்கும்போதே!

அந்தத் தோட்டக்காரர்தான் இவான் மிச்சூரின். அவர் கல்லூரி வாசலை மிதித்தவர் அல்ல. பள்ளிப் படிப்பையே முடிக்காதவர். ரெயில்வேயில் குமாஸ்தாவாக இருந்தவர். கடிகாரம் ரிப்பேர் செய்து வயிறு வளர்த்தவர். இப்படிப்பட்டவர் பனி கொட்டும் தேசத்தில் பெரிய ஆப்பிளையும் நல்ல பேரிக்காயையும் விளைய வைத்தார்.

ஆனால் அந்த வித்தை அவருக்கு எளிதில் கைவரவில்லை. ஏறத்தாழ பத்து ஆண்டுகளை ஒரு தவறான எண்ணத்துக்காகப் பறிகொடுத்தார். வைத்த மரங்கள் எல்லாம் பட்டுப்போன பிறகு, மறுபடியும் விதையில் இருந்து தொடங்கினார்.

தாயை இழந்த பிள்ளை

1855-ம் ஆண்டு அக்டோபர் 27-ந் தேதி, ரியாசான் மாகாணத்தில் வெர்ஷினா என்ற சிறு பண்ணையில் இவான் பிறந்தான். பெற்றோருக்கு அவன் ஏழாவது பிள்ளை. மற்ற குழந்தைகள் எல்லாம் சிறு வயதிலேயே இறந்துவிட்டன. இவான் ஒருவன்தான் மிஞ்சினான். அவனுக்கு நாலு வயதானபோது தாயும் கண்ணை மூடினாள்.

தகப்பனாருக்குத் தோட்டம் என்றால் உயிர். பாட்டனாரும் அப்படித்தான். பழ மரங்களைத் தேடித் தேடிக் கொண்டுவந்து வைத்த குடும்பம் அது. தாய் இல்லாத சிறுவன் தகப்பனாரின் காலைச் சுற்றிக்கொண்டு தோட்டத்திலேயே வளர்ந்தான். விதை போடுவது, நாற்றைப் பிடுங்கி நடுவது, தேனீ வளர்ப்பது, கிளையை ஒட்டுவது எல்லாவற்றையும் கிட்டே இருந்து பார்த்தான். கத்தி பிடிக்கக் கற்றதும் அங்கேதான்.

மகனைப் பெரிய படிப்பு படிக்க வைக்க வேண்டும் என்று தகப்பனார் ஆசைப்பட்டார். ஆனால் குடும்பம் நொடித்துப்போயிற்று. கடனுக்காகப் பண்ணை கையை விட்டுப் போனது.

தொப்பியால் போன படிப்பு

ரியாசான் நகரப் பள்ளிக்கூடத்தில் இவான் படித்துக்கொண்டிருந்தான். 1872-ம் ஆண்டு அங்கே இருந்து அவனை வெளியேற்றிவிட்டார்கள். குற்றம் என்ன தெரியுமா? தலைமை ஆசிரியர் எதிரே வந்தபோது தொப்பியைக் கழற்றி வணங்கவில்லை என்பதுதான்! அன்று கடும் பனி. பையனுக்குக் காதில் நோய். ஆகவே தொப்பியைக் கழற்றவில்லை. ஆனால் உண்மைக் காரணம் வேறு என்றும் சொல்வார்கள். தலைமை ஆசிரியர் எதிர்பார்த்த லஞ்சத்தைப் பையனின் உறவினர் கொடுக்கவில்லையாம்.

எப்படியோ படிப்பு நின்றது. பதினேழு வயதுப் பையன் பிழைப்பைத் தேடிப் புறப்பட்டான்.

கோஸ்லோவ் ரெயில் நிலையத்தில், சரக்கு ஆபீசில், குமாஸ்தா வேலை கிடைத்தது. மாதச் சம்பளம் 12 ரூபிள். வேலையோ நாள் ஒன்றுக்குப் பதினாறு மணி நேரம். 1874-ம் ஆண்டு, அலெக்சாந்திரா என்ற ஏழைப் பெண்ணை மிச்சூரின் மணந்துகொண்டார். அவளுடைய தகப்பனார் சாராய ஆலைத் தொழிலாளி. கவுரவமான குடும்பத்துப் பிள்ளை இப்படிச் செய்யலாமா என்று உறவினர்கள் அவரை ஒதுக்கிவிட்டார்கள். அடுத்தடுத்து ஒரு மகனும் ஒரு மகளும் பிறந்தார்கள்.

சம்பளம் போதவில்லை. மிச்சூரின் வீட்டிலேயே கடிகாரம் ரிப்பேர் செய்யும் பட்டறை வைத்தார். நுட்பமான வேலையில் அவருக்குக் கை நன்றாக ஓடும். பிறகு ரெயில்வேயிலும், நிலையங்களில் உள்ள கடிகாரங்களையும் சிக்னல் கருவிகளையும் பழுது பார்க்கும் வேலை கிடைத்தது. அது அவருக்குப் பெரிய அதிர்ஷ்டம். ரெயிலில் ஊர் ஊராகப் போய்வரலாம். போகிற இடத்தில் எல்லாம் இறங்கி, அங்கே உள்ள பழத் தோட்டங்களைப் பார்த்து வரலாம்!

பார்த்தவர் மனம் நொந்தார். அந்தப் பகுதியில் நல்ல பழமே அபூர்வம். இருந்தவற்றில் சிறந்தது அந்தோனோவ்கா என்ற பழைய நாட்டு ஆப்பிள். நல்ல மணம் உண்டு. புளிப்பு அதிகம். ருஷியக் குடும்பங்கள் அதைத் தொட்டியில் ஊற வைத்தும், பாகு காய்ச்சியும் குளிர்காலம் முழுவதும் சாப்பிடுவார்கள். அது தங்கமான மரம்தான். எந்தப் பனியையும் தாங்கும். ஆனால் தித்திப்பான பெரிய ஆப்பிளும், வாயில் கரையும் பேரிக்காயும் தெற்கே கிரிமியாவிலும், மேற்கே பிரான்சு நாட்டிலும்தான் விளைந்தன. அவற்றைக் கோஸ்லோவில் கொண்டுவந்து வைத்தால் ஒரு குளிர்காலத்துக்குக்கூடத் தாங்குவதில்லை. அங்கே பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரி வரை குளிர் இறங்கும். ஆறு கல்லாக உறைந்துவிடும்.

தெற்கத்திப் பழத்தை வடக்கே விளைய வைக்க வேண்டும். இதுவே மிச்சூரினுடைய ஒரே ஆசை ஆயிற்று. 1875-ம் ஆண்டு, ஊருக்குள் கேட்பாரற்றுக் கிடந்த ஒரு சிறு மனையை மாதம் 3 ரூபிளுக்கு வாடகைக்குப் பிடித்தார். வீட்டுச் செலவுக்கே திண்டாடுகிறவர் மண்ணுக்கு வாடகை கொடுத்தால் ஊர் என்ன சொல்லும்? சிரித்தது.

ஒட்டுக் கட்டும் வித்தை

ஒட்டு மாங்கன்று என்றால் நமக்குத் தெரியும். நல்ல மாம்பழத்தின் கொட்டையைப் புதைத்தால் அதே பழம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே, அந்த மரத்தின் கிளையையே வேறு ஒரு கன்றில் ஒட்டிக் கட்டுகிறார்கள். ஆப்பிளும் அதே ஜாதிதான். ஓர் ஆப்பிளில் பத்து விதை இருந்தால் பத்தும் பத்து விதமான மரமாக வரும். பெரும்பாலும் காட்டுப் பழம்போலச் சிறுத்துப் புளிக்கும். நல்ல ஆப்பிளை அப்படியே காப்பாற்ற ஒட்டுக் கட்டுவதைத் தவிர வேறு வழி கிடையாது.

குளிர் தேசத்தில் அதை எப்படிச் செய்கிறார்கள்? மரம் இலை உதிர்த்துத் தூங்கும் குளிர்காலத்தில், நல்ல மரத்தில் இருந்து பென்சில் பருமனில் குச்சிகளை வெட்டி, குளிர்ந்த இடத்தில் ஈரத்தோடு வைக்கிறார்கள். வசந்த காலத்தில் வேர்க்கன்று விழித்துக்கொண்டதும், அதன் தண்டைச் சாய்வாகச் சீவுகிறார்கள். குச்சியையும் அதே சாய்வில் சீவுகிறார்கள். இரண்டிலும் நாக்குப்போல ஒரு கீறல். ஒன்றுக்குள் ஒன்றைச் செருகினால் கைகோத்ததுபோல நிற்கும்.

இதில்தான் சூட்சுமம் இருக்கிறது. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் பச்சையாக, வழவழப்பாக, மிக மெல்லிய ஒரு படலம் உண்டு. மரத்தின் வளர்ச்சி எல்லாம் அந்தப் படலத்தில்தான். இதன் படலமும் அதன் படலமும் ஒன்றோடு ஒன்று தொட வேண்டும். ஒரு நூல் விலகினாலும் குச்சி காய்ந்துவிடும். கத்தி ஒரே இழுப்பில் சீவ வேண்டும். மேடு பள்ளம் இருக்கக் கூடாது. பிறகு மரநாரால் இறுகக் கட்டி, காற்றும் தண்ணீரும் புகாதபடி மெழுகு பூசிவிட வேண்டும். கோடைக் கடைசியில் செய்கிற இன்னொரு முறையும் உண்டு. ஒரே ஒரு மொட்டைப் பட்டையோடு பெயர்த்து, வேர்க்கன்றின் பட்டையைக் கீறி உள்ளே வைத்துக் கட்டுவார்கள். நம் ஊரில் ரோஜாச் செடிக்கு மொட்டு வைத்துக் கட்டுகிறார்களே, அதேதான்.

கடிகாரத்தின் மயிரிழைச் சுருளைக் கையாளுகிற மிச்சூரினுக்கு இதெல்லாம் விளையாட்டு. அவர் கட்டிய ஒட்டு தவறுவது அபூர்வம்.

பத்து வருஷம் போயிற்று

அந்தக் காலத்தில் மாஸ்கோவில் கிரெல் என்ற பெரிய தோட்டக் கலை நிபுணர் இருந்தார். தெற்கத்தி மரங்களை வடக்கே பழக்கப்படுத்த அவர் ஒரு வழி சொல்லி வந்தார். குளிரைத் தாங்கும் உள்ளூர்க் கன்றின் வேரில் தெற்கத்திக் கிளையை ஒட்டுங்கள். வேரின் வலிமை மெள்ள மெள்ளக் கிளைக்கும் ஏறிவிடும். மரம் பனிக்குப் பழகிவிடும். இதுதான் அவர் சொன்ன வழி.

கேட்பதற்கு நன்றாகத்தானே இருக்கிறது? வேர்தானே மரத்துக்குச் சோறு போடுகிறது! படித்தவர்கள், பண்ணைக்காரர்கள் எல்லோரும் நம்பினார்கள். இளைஞர் மிச்சூரினும் நம்பினார்.

கிடைத்த காசை எல்லாம் கொட்டி, வெளியூர்களில் இருந்தும் வெளிநாடுகளில் இருந்தும் உயர்ந்த ஜாதி ஆப்பிள், பேரி, செரிக் குச்சிகளை வரவழைத்தார். பகல் எல்லாம் ரெயில்வே வேலை. இரவில் கடிகார வேலை. இடையில் தோட்டம். சில ஆண்டுகளுக்குள் 600 வகைக்கு மேற்பட்ட செடிகள் அந்தச் சின்ன மனையில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. இடம் போதாமல் வேறு தோட்டத்துக்கு மாறினார்.

ஒட்டுகள் பிடித்தன. துளிர்த்தன. மிதமான குளிர்காலம் ஒன்றிரண்டு வந்தது. மரங்கள் பிழைத்தன. மிச்சூரினின் மகிழ்ச்சிக்கு அளவில்லை. பிறகு ஒரு கடுங்குளிர் வந்தது.

வசந்தத்தில் தோட்டத்துக்குள் போய்க் கத்தியால் பட்டையைக் கீறிப் பார்த்தார். பச்சையாக இருக்க வேண்டிய இடம் பழுப்பாக இருந்தது. அடுத்த மரம். அதுவும் பழுப்பு. ஒட்டுக் கட்டின இடத்துக்குக் கீழே உள்ளூர் வேர் உயிரோடு இருந்தது. மேலே இருந்த தெற்கத்திக் கிளை செத்துப்போயிருந்தது. கத்தி வைத்தாற்போல, சரியாக ஒட்டின இடம் வரைக்கும்!

நூற்றுக்கணக்கான மரங்கள் இப்படி அழிந்தன. மனைவி வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணமும், ஏறத்தாழ பத்து ஆண்டு உழைப்பும் அதோடு போயின.

மிச்சூரின் கைவேலையில் குற்றம் இல்லை. ஒட்டுக் கட்டினால் மரத்தின் சுபாவம் மாறும் என்ற நம்பிக்கையில்தான் குற்றம். வேர்க்கன்று, மரத்தைக் குட்டையாக்கும், அல்லது நெட்டையாக்கும். சீக்கிரம் காய்க்கச் செய்யும், அல்லது தாமதப்படுத்தும். ஆனால் தெற்கத்திக் கிளை தெற்கத்திக் கிளைதான். இரண்டு உடம்பும் ஒன்றாக வாழ்கின்றனவே தவிர, ஒன்று மற்றொன்றாக ஆவதில்லை. ஒட்டு என்பது இருக்கிற மரத்தைக் காப்பாற்றும் வித்தை. புது மரத்தைப் படைக்கும் வித்தை அல்ல.

இதை எத்தனையோ நிபுணர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. தம் பெயர் கெட்டுவிடுமே என்று மேலும் மேலும் ஒட்டுக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். மிச்சூரின் வெளிப்படையாகவே அந்த முறையைக் கைவிட்டார். அது தவறு என்று எழுதவும் செய்தார்.

முதுகில் சுமந்த தோட்டம்

புது மரம் வேண்டுமானால் விதையில் இருந்துதான் வர வேண்டும். பிறந்த நாள் முதல் பனியைப் பார்த்து வளர்கிற கன்றில் ஒன்றாவது தாங்கும் அல்லவா? ஆனால் அதற்கு ஆயிரக்கணக்கில் கன்று வேண்டும். ஆயிரம் கன்றுக்கு நிலம் வேண்டும்.

1888-ம் ஆண்டு, ஊருக்கு 7 கிலோமீட்டர் தள்ளி, துர்மாசோவோ என்ற கிராமத்தின் அருகே 30 ஏக்கருக்கு மேல் நிலம் வாங்கினார். மலிவாகக் கிடைத்த நிலம். அதில் பாதி ஆறும் பள்ளமும் புதருமாக இருந்தது. நிலம் வாங்கியதில் கையில் இருந்த காசு கரைந்துபோயிற்று. செடிகளைக் கொண்டுபோக வண்டிக்குக் கூலி கொடுக்க வழி இல்லை.

என்ன செய்வது? முதுகில் சுமந்தார்கள்! மிச்சூரின், அலெக்சாந்திரா, அவளுடைய தங்கை எல்லோருமாகச் செடிகளைப் பிடுங்கி மூட்டை கட்டி, 7 கிலோமீட்டர் நடந்து நடந்து கொண்டுபோய் நட்டார்கள். அங்கே வீடு கிடையாது. இரண்டு கோடைக்காலம் குடிசையில் குடும்பம் நடத்தினார்கள். கறுப்பு ரொட்டியும் வெங்காயமும் தேநீரும்தான் சாப்பாடு. மிச்சூரினைப் பற்றி எழுதுகிறவர்கள் அவர் விடாமுயற்சியைப் புகழ்வார்கள். அந்த மூட்டையில் பாதி அலெக்சாந்திராவின் முதுகில் இருந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1889-ம் ஆண்டு ரெயில்வே வேலைக்கு முழுக்குப் போட்டார். கன்று விற்ற காசில் ஜீவனம்.

அந்தச் சமயத்தில் ஓர் அதிசயம் நடந்தது. தோட்டத்தில் இருந்த அந்தோனோவ்கா இனத்து இளமரம் ஒன்றில், ஒரு கிளை தானாகவே மாறி, மிகப் பெரிய பழத்தைக் கொடுத்தது. ஒரு பழம் 600 கிராம் வரை எடை! மரங்களில் எப்போதாவது இப்படி நடப்பதுண்டு. ஒட்டுக் கட்டும் கத்தி இப்போது சரியான வேலைக்கு வந்தது. அந்தக் கிளையை வெட்டி வேறு வேர்களில் ஒட்டினார். 600 கிராம் அந்தோனோவ்கா என்ற புது ரகம் பிறந்தது.

ஒரு மாமரம் ஆயிரம் பூப் பூத்தாலும் எந்தப் பூவின் மகரந்தம் எங்கே விழுகிறது என்று யாருக்கும் தெரியாது. அதைத் தாமே செய்ய மிச்சூரின் இறங்கினார். குளிரைத் தாங்கும் ஆப்பிளில் ஒரு பூ விரிவதற்கு முன்பே இதழைப் பிரித்து, உள்ளே இருக்கும் மகரந்தப் பைகளைக் கத்தரித்து எடுத்துவிடுவார். தித்திப்பான தெற்கத்தி ஆப்பிளின் மகரந்தத்தை அதன் சூல்முடியில் தடவுவார். தேனீ வந்து கெடுத்துவிடாமல் மெல்லிய துணியால் மூடுவார். பழுத்த பிறகு விதையை எடுத்து நட்டு, கன்று காய்க்கும் வரை ஆறு, ஏழு, பத்து ஆண்டு காத்திருப்பார். ஆயிரம் கன்றில் ஒன்று தேறினால் பெரிது. மற்றவற்றைப் பிடுங்கி எறிந்துவிடுவார்.

இதிலும் ஓர் இடி விழுந்தது. துர்மாசோவோ நிலம் கரிசல் மண். கொழுத்த மண். செல்லமாக வளர்த்த பணக்காரப் பிள்ளைபோலக் கன்றுகள் தளதளவென்று வளர்ந்து, குளிர் வந்ததும் சுருண்டுவிட்டன. மிச்சூரின் என்ன செய்தார்? 1900-ம் ஆண்டை ஒட்டி, தோட்டம் முழுவதையும் பெயர்த்து, ஆற்றங்கரையில் சாரமில்லாத மணல் நிலத்துக்கு மாற்றினார். நல்ல நிலத்தை விட்டுவிட்டு மோசமான நிலத்தைத் தேடி வாங்குகிறாரே என்று ஊர் மறுபடியும் சிரித்தது. பல செடிகள் அந்த மாற்றத்தில் இறந்தன. மிஞ்சியவை வைரம் பாய்ந்து நின்றன.

ஆசான் மரம்

கித்தாய்க்கா என்று ஒரு சின்ன ஆப்பிள் உண்டு. எலுமிச்சங்காய் அளவுகூட இராது. எந்தக் குளிருக்கும் அசையாது. அதையும், கிரிமியாவில் விளையும் காந்தில் சினாப் என்ற நீளமான உயர்ந்த ஆப்பிளையும் மிச்சூரின் கலந்தார். பிறந்த கன்று தாயின் வலிமை போதாமல் குளிரில் நுனி கருகியது. அதன் மொட்டை எடுத்துத் தாய் மரமான கித்தாய்க்காவிலேயே ஒட்டினார். கன்று தேறிவிட்டது. அதற்குக் காந்தில் கித்தாய்க்கா என்று பெயர் வைத்தார்.

முற்றிய மரத்தை ஒட்டினால் சுபாவம் மாறாது. ஆனால் விதையில் இருந்து வந்த இளங்கன்று குழந்தை மாதிரி. பக்கத்தில் ஒட்டிய மரம் ஆசானைப்போல அதை வளைத்துத் திருத்தும் என்று மிச்சூரின் நம்பினார். இதற்கு ஆசான் முறை என்றே பெயரிட்டார்.

அவர் வைத்த மரம் நிலைத்தது. சொன்ன காரணம் நிலைக்கவில்லை. இளமரம் வயதாக ஆகத் தானாகவே குணம் மாறும். ஒட்டாமல் விட்டிருந்தால் அதே கன்று என்ன ஆகியிருக்கும் என்று பக்கத்திலேயே வைத்து அவர் ஒப்பிடவில்லை. ஒட்டிய மரம் இளங்கன்றின் பரம்பரைக் குணத்தைத் திருத்திவிடும் என்பதை இன்றைய விஞ்ஞானம் ஏற்பதில்லை. கிரெல் சொன்னதை உதறித் தள்ளியவர், அதன் ஒரு துண்டைத் தம்மை அறியாமலே வைத்துக்கொண்டார் போலும்.

வெள்ளமும் காலராவும்

ஜார் அரசாங்கத்துக்கு அவர் மனு மேல் மனு எழுதினார். தோட்டத்துக்கு உதவி செய்யுங்கள், மாணவர்களுக்கு இங்கே பயிற்சி கொடுக்கலாம் என்று கேட்டார். உதவி வரவில்லை. கடைசியில் மார்பில் குத்திக்கொள்ள ஒரு பதக்கம் வந்தது!

முதல் உலகப் போருக்கு முன்பு, அமெரிக்க விவசாய இலாகாவுக்காக உலகம் சுற்றிச் செடி சேகரித்த பிராங்க் மேயர் கோஸ்லோவுக்கு வந்து பார்த்தார். செடிகளை வாங்க அமெரிக்கர்கள் ஆசைப்பட்டார்கள். மிச்சூரின் ஊரை விட்டு நகரவில்லை.

1915-ம் ஆண்டு அவரைப் புரட்டிப்போட்டது. வசந்த காலத்தில் ஆறு பெருகியது. தோட்டத்துக்குள் தண்ணீர் புகுந்தது. பெரிய பெரிய பனிக்கட்டிகள் மிதந்து வந்து இளங்கன்றுகளை மோதி முறித்தன. அதே ஆண்டு ஊரில் காலரா பரவியது. அலெக்சாந்திரா அதற்குப் பலியானாள். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கூட நின்று மண் சுமந்தவள், தோட்டத்துக்கு நல்ல காலம் பிறப்பதைப் பார்க்கவில்லை.

1917-ல் புரட்சி வந்தது. மிச்சூரினுக்கு அப்போது 62 வயது. 1918-ம் ஆண்டு புது அரசாங்கம் அவருடைய தோட்டத்தை எடுத்துக்கொண்டு, அவரையே அதற்குத் தலைவராக நியமித்தது. சம்பளம், ஆட்கள், நிலம் எல்லாம் கிடைத்தன.

செடியியல் மேதை நிக்கலாய் வாவிலோவ் 1920-ல் அங்கே வந்தார். தனி ஒரு மனிதர் சேர்த்துவைத்த செல்வத்தைப் பார்த்து வியந்து, அவரைப் பற்றிப் பெரிய இடங்களில் எடுத்துச் சொன்னார். 1922-ம் ஆண்டு லெனினுடைய அரசாங்கத்தில் இருந்து மாகாணத்துக்குத் தந்தி வந்தது. மிச்சூரினின் வேலையைப் பற்றி அறிக்கை கேட்டிருந்தார்கள். அரசாங்கத்தின் தலைவர்களில் ஒருவரான கலீனின் நேரிலேயே வந்து பார்த்தார். பட்டமும் பரிசும் குவிந்தன. சிரித்த ஊருக்கே அவர் பெயரை வைத்தார்கள்.

கிழவர் பழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை. பழைய தொப்பி, பழைய கோட்டு, கைத்தடி. அறையில் தச்சுக் கருவிகளும், கடிகாரக் கருவிகளும், புத்தகங்களும், மெழுகில் அவரே அச்சு அசலாகச் செய்த பழங்களும் கலந்து கிடக்கும். செடிக்கு மருந்து தெளிக்கும் கருவி, ரோஜாத் தைலம் வடிக்கும் பாத்திரம் எல்லாம் அவருடைய கைவேலையே. 1935-ம் ஆண்டு ஜூன் 7-ந் தேதி, 79-ம் வயதில் காலமானார். அவருடைய தோட்டத்து ஊரிலேயே அடக்கம் செய்தார்கள். 300 ரகங்களுக்கு மேல் அவர் உண்டாக்கியதாகக் கணக்குச் சொல்கிறார்கள்.

பெயருக்கு வந்த கதி

அவர் இறந்த பிறகு நடந்தது சோகக் கதை. லைசென்கோ என்ற ஒருவர் ஸ்டாலின் ஆட்சியில் செல்வாக்குப் பெற்றார். தம்முடைய கொள்கைக்கு மிச்சூரின் பெயரைச் சூட்டினார். பழக்கினால் பயிரின் பரம்பரைக் குணமே மாறும், மரபணு விஞ்ஞானம் பொய் என்று முழங்கினார். எதிர்த்துப் பேசியவர்கள் வேலையை இழந்தார்கள். பலர் சிறைக்குப் போனார்கள். அவர்களில் ஒருவர் வாவிலோவ்! மிச்சூரினின் தோட்டத்தை உலகத்துக்கு எடுத்துச் சொன்ன அதே வாவிலோவ் 1940-ல் கைதானார். 1943-ம் ஆண்டு ஜனவரியில் சராத்தோவ் சிறையில், பட்டினியால் நலிந்து உயிர் விட்டார். 1948-ல் மரபணு விஞ்ஞானத்தையே அந்த நாட்டில் தடுத்துவிட்டார்கள். 1960-களின் நடுவில்தான் லைசென்கோவின் ஆதிக்கம் ஒழிந்தது. பட்டுப்போன மரத்தைக் கீறிப் பார்த்து, தன் தவறை ஊர் அறியச் சொன்ன மனிதரின் பெயரால் இத்தனையும் நடந்தது.

மரங்களுக்கு இந்த அரசியல் தெரியாது. 1907-ம் ஆண்டு மிச்சூரின் கலந்த ஒரு விதையில் இருந்து பெப்பின் ஷஃப்ரான்னி என்ற ஆப்பிள் பிறந்தது. குங்குமப்பூ ஆப்பிள் என்று அதற்குப் பொருள். பழம் சிறியதுதான். ஆனால் வாசனையும் தித்திப்பும் உண்டு. பறித்து வைத்தால் குளிர்காலம் தாண்டியும் கெடாது. அந்த ஒரு கன்றில் இருந்து குச்சி வெட்டி, அந்தக் குச்சி வளர்ந்த மரத்தில் இருந்து மறுபடியும் குச்சி வெட்டி, நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒட்டுக் கட்டி வருகிறார்கள். அந்த ஆப்பிள் மரங்கள் இன்று எங்கே நின்றாலும், வேர் மட்டும் வேறு. மேலே இருப்பது மிச்சூரின் விதை போட்டு முளைக்க வைத்த அதே மரம்தான்.